மூன்று பேரிடம் கேட்டவர்

முதல் நாள் என்னைக் காரில் ஏற்றுவதற்கு முன் அவர் என் கணவருக்குப் போன் செய்தார்.

ஆக்லாந்தின் கிளென் ஈடனில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் கார் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறக்கப் போனேன். அவர் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, "ஒரு நிமிஷம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

"சார், உங்க வீட்டம்மாவ மங்கரேக்கு வேலைக்கு என் வண்டியில கூட்டிட்டுப் போறேன். உங்களுக்குத் தெரியும்ல?"

உள்ளே தூக்கக் கலக்கத்தில் இருந்த என் கணவர் "ஓம், ஓம், தெரியும்" என்றது எனக்கு வாசல்வரை கேட்டது. காரில் இருந்தவருக்கு அது போதவில்லை.

"நீங்க அவங்க வீட்டுக்காரர்தானா?"

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் அலுவலகத்தில். அவர் கிடங்கின் உள்ளே மேற்பார்வையாளர். நான் யாழ்ப்பாணம், அவர் திருச்சிக்குப் பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்றேன். இரண்டு பேரும் மேற்கு ஆக்லாந்தில் இருந்ததால் ஒரே காரில் போய்வந்தோம். பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அவர் புக்கெகோஹிப் பக்கம் ஒரு காய்கறிப் பொதியிடும் இடத்தில் வேலை செய்வதாகக் கேள்வி. அங்கே ஒவ்வொரு மூட்டையையும் இரண்டாவது தடவை நிறுத்துப் பார்ப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவர் எதையும் நம்பமாட்டார். கிடங்கின் வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கார்வரை வந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். போகும் வழியில் டெயரி என்கிற மூலைக்கடையில் பால் வாங்குவார். முன்வரிசைப் பால் பழையது என்று பின்வரிசையில் கைவிடுவார். பிறகு யோசிப்பார். எல்லோரும் பின்வரிசையிலிருந்துதான் எடுப்பார்கள் என்று கடைக்காரனுக்குத் தெரியாதா? அதனால் நடுவில் இருப்பதை எடுப்பார். டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் கேட்பார். அவர் சொன்னதை மூன்றாவது ஒருவரிடம் கேட்பார். "ஒருத்தன் சொன்னா பேச்சு. ரெண்டு பேர் சொன்னா பேசி வச்சிருக்கலாம். மூணாவது ஆளுகிட்ட கேட்டாத்தான் தெரியும்" என்பார்.

இந்தக் குணத்தால்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. முதுகுவலிக்கு மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடையில், "இது சரியான மாத்திரைதானா?" என்று கேட்க, வெளியே போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். மூன்றாவது தடவை அந்த மருந்தாளர் பெண் கோபப்படாமல், பெட்டியைத் திறந்து தாளை விரித்து, வரிவரியாக விரல்வைத்து வாசித்துக் காட்டினாள். எகிப்தைச் சேர்ந்த காப்டிக் கிறிஸ்தவப் பெண். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் அடுத்த வருடம் அவளுடைய கோயிலிலேயே தாலி கட்டினார். அவர்கள் வழக்கத்தில் தாலி கிடையாது. "அவங்க பூசை முடிஞ்சா கல்யாணம் முடிஞ்சுதுன்னு எப்படி நம்புறது? அதான் நானும் ஒண்ணு கட்டிட்டேன்" என்றார்.

அவர்களுக்கு முதலில் தரித்த பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. அதற்குப் பெயர் வைத்து எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒரு வாரம் யாராவது அவரிடம் வந்து அந்தப் பெயரைச் சொல்லித் துக்கம் விசாரிப்பார்கள். அவர் தலையாட்டுவார்.

இரண்டாவது தடவை அவர் மனைவி ஏழாம் மாதத்தில் இருந்தபோது, எகிப்தின் மின்யாவிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். அரபு தவிர ஒரு சொல்லும் தெரியாத அம்மா. அவர் வந்த அடுத்த வாரம் கார் முழுக்கச் சந்தேகமாக இருந்தது.

"தங்கச்சி, ஆம்பளப் புள்ளைனு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. என்ன பேரு வைக்கணுமாம் தெரியுமா? மீனா!"

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. மீனாங்கறது எங்க சித்தி பொண்ணு பேரு. கேட்டா, எகிப்துல அது ஆம்பளப் பேராம். ஏதோ ஒரு புனிதர் பேராம். நிலைச்சு நிக்கிறவன்னு அர்த்தமாம். என்னைய வச்சு விளையாடுறாங்களோன்னு இருக்கு."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை என் பக்கம் திருப்பினார். எகிப்தியக் குழந்தைப் பெயர்களும் அவற்றின் அர்த்தங்களும் என்று ஒரு பக்கம் திறந்திருந்தது. ராம்செஸ், சூரியன் பெற்ற பிள்ளை. நெஃபர்தாரி, அழகி. ஓரஸ், அனுபிஸ் என்று போய்க்கொண்டே இருந்தது. "இதுல மீனாவே இல்ல பாத்தீங்களா? இதக் காட்டினா என் பொண்டாட்டி என்ன சொல்றா தெரியுமா? ராம்செஸ்ங்கறது எங்க ஊர்ல ஹோட்டலுக்கு வைக்கிற பேரு, புள்ளைக்கு எவனும் வைக்கமாட்டான்கிறா. அப்ப இத எழுதுனவன் பொய் சொல்றானா, இவ பொய் சொல்றாளா?"

பிள்ளை எட்டாம் மாதத்தின் தொடக்கத்தில் பிறந்தது. உயிரோடுதான் இருந்தது. ஆனால் மிகச் சிறியது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவர் வேலை முடிந்து என்னை இறக்கிவிட்டு நேரே அங்கே போவார். மறுநாள் காலை ஏறியதும் நான் எதுவும் கேட்கமுன் எடையைச் சொல்வார். சொல்லிவிட்டு, "மிஷின் சரியாக் காட்டுதான்னு கேட்டேன். நர்ஸுக்குக் கோபம்" என்பார்.

ஒருநாள் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போது ஊரிலிருந்து அவருடைய அக்கா அழைத்தார். போன் கார் ஒலிபெருக்கியில் இணைந்திருந்ததை அவர் மறந்துவிட்டார்.

"டேய் பிச்சை! கேக்குதாடா?"

எனக்கு அவரை வேறு பெயரில்தான் தெரியும். ஞானஸ்நானப் பெயர்.

"பெட்டிக்குள்ளயே கெடக்குதாமே புள்ள. யாருக்காச்சும் தவிட்டுக்குக் குடுத்து வாங்குடா. உனக்கும் அப்படித்தானே செஞ்சாங்க அம்மா. மொறத்துல போட்டு..."

அவர் பட்டென்று துண்டித்தார். கொஞ்சத் தூரம் கார் ஓடியது. பிறகு தானாகவே சொன்னார். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அதனால் அவர் பிறந்ததும் முறத்தில் கிடத்திப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பிச்சை என்று பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவர் முன்னால் கையேந்திக் காட்டுவார்களாம். ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"என் பொண்டாட்டிக்கே தெரியாது. நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

"நான் ஏன் அண்ணை சொல்லப்போறன்?"

அவர் கண்ணாடியில் என்னை இரண்டு தடவை பார்த்தார்.

அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் அந்தச் சொல் காருக்குள் வந்தது. மாமியார் கண்ணாடிப் பெட்டிமேல் கைவைத்துக்கொண்டு பிள்ளையை ஒரு சொல்லால் கூப்பிடுகிறாராம். மகள் அறையில் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிடுகிறாராம். ஷெஹாத்தா. அவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். மனைவியிடம் கேட்கவில்லை. "அவ அம்மாவுக்குத்தானே பேசுவா?"

கபாப் கடை ஈராக்கியரிடம் கேட்டார். சாட்சி என்றோ சான்றிதழ் என்றோ அர்த்தம் வரும் என்றார் அவர். இவர் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து சொல்லிப் பார்த்தார். அதுவும் சான்றிதழ் என்றது. பிள்ளையை எதற்குச் சான்றிதழ் என்று கூப்பிட வேண்டும்? மூன்றாவதாக எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சூடான்காரரைப் பிடித்தார். அவர் யோசித்துவிட்டு, "நடுவில் வரும் ஹா தொண்டையிலிருந்து வருகிறதா?" என்று கேட்டார். இவர் மாமியாரைப் போலவே காறிக் காட்டினார்.

"அப்படியென்றால் அது பிச்சை" என்றார் சூடான்காரர்.

அன்று மாலை அவர் கார் ஓட்டிய விதத்தில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள உசிருக்குப் போராடிக்கிட்டு இருக்கு. அதப் பாத்துப் பிச்சைக்காரன்னு சொல்லுது அந்தக் கிழவி! இருக்கட்டும். ஞாயித்துக்கெழம ஒரு டிக்கெட் பாத்து வச்சிருக்கேன். கோயிலுக்குப் போகலாம்னு கூட்டிட்டு வந்து ஏர்போர்ட்டுல இறக்கிவிட்டுருவேன். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருப்பா. அப்புறம் சொல்லிக்கலாம்."

பாஷை தெரியாத ஒரு வயதான பெண்ணை ஏமாற்றி விமானத்தில் ஏற்றப்போகிறார். அவர் செய்யக்கூடியவர்தான். அந்த நேரம் எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அண்ணை, உங்கட அம்மா உங்களுக்கு வச்ச பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

அவர் இண்டிகேட்டரைப் போட்டார். அடுத்த வெளியேறும் வழியில் திரும்பி, ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினார்.

"யாருகிட்ட பேசினீங்க?"

"ஒருத்தரோடயும் கதைக்கேல்லை."

"என் பொண்டாட்டிகிட்ட பேசினீங்களா? அவ உங்களக் கேக்கச் சொன்னாளா?"

"இல்லை அண்ணை. அண்டைக்கு அக்கா சொன்னது எனக்கும் கேட்டதுதானே. அதாலதான் கேட்டன். அந்த அம்மாவும் அதே மாதிரி ஏதும்..."

"எங்கம்மா வேற. இது வேற."

மறுநாள் காலை வாசலில் கார் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் ரயிலும் பஸ்ஸுமாக வேலைக்குப் போனேன். கிடங்கில் எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். ஞாயிறு கழிந்தது. மாமியார் போனாரா இருக்கிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்ததை அவருடைய மனைவிதான் எனக்குப் போனில் சொன்னாள். பிறந்த ஏழாம் நாள் செய்யவேண்டிய பெயர்ச் சடங்கை இப்போதுதான் செய்கிறார்களாம். சனிக்கிழமை பின்னேரம் வரவேண்டும் என்றாள். "அம்மாவுக்கும் யாராவது வந்தால் சந்தோஷம்" என்றாள். அப்படியானால் மாமியார் போகவில்லை. அவர் டிக்கெட்டை வாங்கவே இல்லையா, வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாரா என்று புரியாமல் போனேன்.

கதவைத் திறந்தவர் அவர்தான். என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று தெருவையும் பார்த்தார். அவருக்குப் பின்னால் கறுப்பு உடுப்பில், குட்டையாக, அகன்ற தோளோடு மாமியார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தலையைச் சுற்றி ஒரு பிடி உப்பை வீசினார். பிள்ளையின் முகத்தை ஒரு மெல்லிய துணியால் மூடியிருந்தார்கள். நான் குனிந்ததும் அந்த அம்மா துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

மேசையில் மூன்று மெழுகுவர்த்திகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எது கடைசிவரை எரிகிறதோ அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். ஒன்று மனைவி சொன்ன மீனா. இன்னொன்று அவர் சொன்ன அருள். மூன்றாவதற்கு மாமியார் ஒரு பெயர் நினைத்திருந்தார். அதை வெளியே சொல்ல மாட்டேன் என்றார்.

"சொல்லமாட்டாங்களாம்" என்று அவர் என் காதருகே வந்து முணுமுணுத்தார். நாட்கணக்கில் பேசாமல் இருந்தவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "அதான் மெழுகுவத்திய நானே வாங்கிட்டு வந்தேன். மூணையும் ஸ்கேல் வச்சு வெட்டி, தராசுல போட்டுப் பாத்துட்டேன்."

மாமியார் மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மோந்து பார்த்தார். திரியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மூன்றையும் இடம் மாற்றி வைத்தார். அவர் திரும்ப மாற்றினார். மாமியார் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினார். அவர் எதிர்ப்பக்க யன்னலையும் சாத்தினார். அந்த வீட்டில் சந்தேகம் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனைவி இருவரையும் பார்த்துக் களைத்துப்போய்ச் சோபாவில் இருந்தாள்.

திரிகள் எரியத் தொடங்கின. மாமியார் உள்ளே போய் மா அரிக்கிற பெரிய சல்லடை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் துணி விரித்து, பிள்ளையைத் தூக்கிக் கிடத்தினார்.

"ஏய், இது எதுக்கு?" அவர் தமிழிலேயே கத்திவிட்டார். கை சல்லடையின் விளிம்பைப் பிடித்தது. மாமியாரும் விடவில்லை. நடுவில் பிள்ளை.

"குலுக்குவார்கள். மெதுவாகத்தான். உலகத்தில் இருக்கிற ஆட்டத்துக்குப் பழகவேண்டும் என்று" என்றாள் மனைவி. அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

அவர் சல்லடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கை தளர்ந்தது. "முறம்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"உன் அம்மாவிடம் கேள். என் பிள்ளையை ஏன் பிச்சைக்காரன் என்று கூப்பிடுகிறார்?"

மனைவியின் முகம் வெளுத்தது. அந்தச் சொல்லின் அர்த்தம் அவருக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தாயிடம் கேட்டாள். அந்த அம்மா சல்லடையைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். மகள் வாக்கியம் வாக்கியமாக மாற்றிச் சொன்னாள்.

அந்த அம்மாவுக்கு முதலில் இரண்டு பையன்கள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. நல்ல நல்ல பெயர்களாக வைத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கொஞ்சினார்கள். மூன்றாவது பையன் பிறந்ததும் அவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டார். கிடைத்த காசில் அவனுக்கு முதல் சட்டை வாங்கினார். ஷெஹாத்தா என்று கூப்பிட்டார். அவன் இப்போது மின்யாவில் லாரி ஓட்டுகிறான். மூன்று பிள்ளைகளுக்கு அப்பன்.

"பிச்சையாக வந்ததில் யாரும் கண்வைக்க மாட்டார்கள்" என்று மனைவி சொல்லி முடித்தாள். "அம்மா கேட்கிறாள், உனக்கு இது புரியாதா என்று."

அவர் தரையில் உட்கார்ந்தார். மாமியாருக்கு எதிரே, சம்மணம் போட்டு. நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"பிச்சை" என்றார்.

மனைவிக்கு விளங்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு அண்ணன்கள், முறம், ஒரு படி தவிடு. பள்ளிக்கூடத்தில் பையன்கள் கையேந்திக் காட்டியது. மனைவி அழுதுகொண்டே தாய்க்குச் சொன்னாள். மாமியார் குனிந்து கேட்டார். அரபு மொழியில் நம்முடைய 'பி'யும் இல்லை, 'ச்சை'யும் இல்லை. அந்த அம்மாவின் வாயில் அது வேறாக வந்தது.

"பிஷாய்?"

"பிச்சை."

"பிஷாய்!" மாமியார் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மளமளவென்று மகளிடம் பேசினார்.

"அது எங்கள் பெயர்" என்றாள் மனைவி. "பழைய காப்டிக் பெயர். எங்கள் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. உயர்ந்தவன் என்று அர்த்தம். எகிப்தியப் பெயரை வைத்துக்கொண்டா இவ்வளவு நாளும் ஒளிந்திருந்தாய் என்று அம்மா கேட்கிறாள்."

அவர் மாமியாரையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் பேசி வைத்திருக்கலாம்.

எங்கள் நான்கு பேருக்கும் அதற்குப் பிறகுதான் மேசையின் நினைவு வந்தது. மூன்று மெழுகுவர்த்திகளும் எரிந்து அடங்கிவிட்டிருந்தன. எது கடைசியாக அணைந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மாமியார் அவரைக் கோபமாகப் பார்த்தார். அவர் மாமியாரைப் பார்த்தார். சல்லடைக்குள் பிள்ளை தும்மியது.

திங்கட்கிழமை காலை எங்கள் வாசலில் கார் நின்றது.

"ஏறுங்க" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தேன். பிரதான சாலைக்கு வந்த பிறகுதான் தொடங்கினார்.

"மூணு பேருகிட்ட கேட்டேன் தங்கச்சி. அவங்க கோயில் சாமியார் உயர்ந்தவன்னாரு. பொண்டாட்டியோட மாமா ஒருத்தரு ஆஸ்திரேலியால இருக்காரு, அவரு திருவிழான்னு அர்த்தம்கிறாரு. பழைய பாஷை படிச்சவரு ஒருத்தரோட நம்பர் வாங்கிக் கேட்டேன். அவரு சொல்றாரு, அந்தக் காலத்துல அது விதிக்கு உண்டான சாமியோட பேராம்."

"மூண்டு பேரும் மூண்டு சொல்லுகினம். இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"ஆமா, ஒருத்தன் சொன்னது இன்னொருத்தனுக்கு ஒத்துவரல. ஆனா ஒருத்தனும் பிச்சைக்காரன்னு சொல்லல பாத்தீங்களா?"

பிள்ளைக்குப் பிஷாய் என்ற அந்தப் பெயரே வைத்தார்கள். பதிவதற்கு முன் ஆங்கிலத்தில் P-யில் தொடங்குவதா B-யில் தொடங்குவதா என்று ஒரு வாரம் என்னோடு வாதாடினார். கடைசியில் மாமியார் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதினார்.

நான் அவரிடம் அந்த டிக்கெட்டைப் பற்றிக் கேட்டதில்லை. விசா முடியும்வரை மாமியார் இருந்தார். அந்த மாதங்களில் பிள்ளையைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போனவர்கள் பாவம். கதவில் அவர் விசாரிப்பார். உள்ளே போனால் மாமியார் உப்போடு நிற்பார். கை கழுவியாயிற்றா என்று மற்றவரிடம் கேட்கும்படி இருவரும் மாறிமாறி மனைவியிடம் சொல்லுவார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆனால் பால்மாவு டின்னின் திகதியைப் பார்க்கவேண்டும் என்றால் இருவரும் சேர்ந்தே குனிவார்கள் என்று மனைவி சொல்லிச் சிரித்தாள்.

மாமியார் புறப்பட்ட நாள் எங்களுக்கு வேலைநாள். வேலை முடிந்ததும், "ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு அப்படியே போகலாமா தங்கச்சி?" என்று கேட்டார். மனைவி தாயையும் பிள்ளையையும் தன் காரில் கூட்டிவந்திருந்தாள். பெட்டியை எடைபோட்ட பிறகு மாமியார் இன்னொரு வரிசைத் தராசைக் காட்டினார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அதிலும் வைத்தார்.

உள்ளே போகும் வாசலில் அந்த அம்மா பேரனின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு எங்கோ பார்த்தபடி அவன் பாதத்தை மட்டும் தொட்டார். மகளைக் கட்டிக்கொண்டார். பிறகு மருமகனின் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, அவர் காதில் நீளமாக ஏதோ சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அரபு எனக்கும் தெரியாது. மனைவி பிள்ளையின் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது.

"சரிங்கம்மா" என்றார் அவர், தமிழில்.

மாமியார் திரும்பிப் பார்க்காமல் போனார். மனைவி பிள்ளையோடு தன் காரில் புறப்பட்டாள். நாங்கள் பின்னால் வந்தோம். சுரங்கப்பாதையைத் தாண்டினோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, அம்மா என்ன சொன்னவ?"

"தெரியல தங்கச்சி."

"உங்கட வீட்டம்மாவிட்ட கேட்கேல்லையோ?"

"இல்ல."

"சொன்னது நினைவிருக்கோ? சூடான்காரரிட்ட கேட்கலாமே."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார். "நல்லதாத்தான் சொல்லியிருப்பாங்க."